பாதி விளக்கு

எழுபத்தொன்று. மார்கழி பிறக்கப் பத்து நாள்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே என் கடை.
பெயர்ப்பலகை, வண்டி எண்,
மணமக்கள் பெயர், கண்ணீர் அஞ்சலி.
அந்த வாரம் மட்டும் வேறு வேலை:
விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்பு.
லாரிக்கு, காருக்கு, மிராசுதார் ஜீப்புக்கு,
டைனமோ வைத்த சைக்கிளுக்கும்கூட.
விளக்குக்கு நாலணா.
மேலேயிருந்து எதிரி பார்த்தால்
தஞ்சாவூர் ஜில்லாவே தெரியக்கூடாதாம்.
மேலேயிருந்து வந்தவை கொக்குகள்தான்,
பால் பிடித்த சம்பாவுக்கு நடுவே இறங்கி நின்றன.

பொழுது சாயும்போது ஒரு பட்டாள லாரி.
எண்ணுக்கு முன்னால் மேல்நோக்கி ஒரு அம்பு,
கை நடுங்காதவன் எழுதியது.
நாகப்பட்டினத்திலிருந்து அரிசி மூட்டை.
ஓட்டி வந்தவனுக்கு இருபது இருக்கும்.
மீசை, வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
‘வைரக்கண்ணு. நத்தப்பள்ளம் உத்திராபதி மகன்.’
‘சண்டை எங்கே தம்பி?’
‘வங்காளத்துப் பக்கம்ணே. நான் அரிசி ஓட்டுறேன்.’
சொல்லிவிட்டு டயரை உதைத்துப் பார்த்தான்,
காற்று சரியாக இருந்த டயரை.

விளக்கை அவனே துடைத்துக் கொடுத்தான்.
‘கொஞ்சம் கம்மியா அடிங்கண்ணே,
நம்ம பக்கத்து ரோடெல்லாம் வளைவு.’
உத்தரவு பாதி என்கிறது.
நூல் பிடித்துச் சரிபாதி அடித்தேன்.
அடித்தேனா?
இடப்பக்கத்தில் ஒரு விரற்கடை வழிந்தது.
துடைத்திருக்கலாம்.
காசு நீட்டினான். பட்டாளத்தானிடம் காசா என்று
பெரிய மனுஷன் மாதிரிக் கையை ஆட்டினேன்.

ஒன்பதரைக்குக் கோரையாற்றங்கரையில் சத்தம்.
அரிக்கேன் எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன்.
லாரி தலைகீழாகத் தண்ணீரில்.
மூட்டைகள் அவிழ்ந்து
ஆறு முழுக்க ஊறப்போட்ட அரிசி.
ஒரு விளக்கு மட்டும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது.
கவிழ்ந்ததில் கறுப்பு கீழே போய்
வெளிச்சப் பாதி மேலே,
நேராக வானத்தைப் பார்த்து.
எந்த விமானமும் பார்த்திருக்கலாம்.

விடிந்ததும் அதிகாரி வந்தார்.
சக்கரத் தடம் தஞ்சாவூர்ச் சாலையில் இல்லை,
நத்தப்பள்ளம் திரும்பும் மண்பாதையில் இருந்தது.
குனிந்தார். கொஞ்சநேரம் நிமிரவில்லை.
கை முறிந்து கிடந்த மலையாளத்துப் பையன்
‘பத்தே நிமிஷம்னான் சார்’ என்றான்.
அதை அவர் எழுதவில்லை.
‘இருட்டில் வழி தவறி’ என்று எழுதினார்.
இருக்கைக்கு அடியில் காகிதம் கரைந்த பொட்டலம்:
சின்னப்பிள்ளை அளவில் ரப்பர் செருப்பு, ஒரு ஜோடி.
அதையும் எழுதவில்லை. எடுத்து
யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்து
என்னிடம் கொடுத்தார்.

மூன்றாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் பலகையோடு வந்தார்,
ஆறடிக்கு மூன்றடி.
‘வீரமரணம் எய்திய’ என்று முதல் வரி.
உத்திராபதி பின்னால் நின்றார்,
முழங்கால்வரை வாய்க்கால் சேறு.
‘அவன் சண்டை போடலிங்களே,’ என்றார்,
‘வண்டிதானே ஓட்டினான்.’
தலைவர் திரும்பவில்லை.

வ எழுதி நிறுத்தினேன்.
தலையில் கொம்பை வளைத்து விட்டால் விபத்து.
நுனியில் ஒரு சுழி கூட்டினால் வீரம்.
அவ்வளவுதான் இடைவெளி,
பிரஷ்ஷின் ஒரு திருப்பு.
பெரியவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எழுதத் தெரியாதவர். இருந்தாலும் பார்த்தார்.
சுழித்தேன்.
செருப்பைக் கொடுத்தேன்.
இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார்.

அதே கறுப்பு டப்பாதான். இன்னும் கால்வாசி மிச்சம்.

சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்னதும்
ஒவ்வொருவராக வந்தார்கள், சுரண்ட.
விளக்குக்கு எட்டணா.
பிளேடு பட்டுக் கண்ணாடியில் கீறல் விழுந்ததென்று
ஜீப்காரன் ஒருவன்
என்னோடு சண்டைக்கு வந்தான்.